கடைசியாக நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு?

பக்கவாதம் என்று ஒருவரை அவசரப் பிரிவுக்குள் தள்ளிக்கொண்டு வந்ததும் கூட வந்தவரிடம் கேட்கும் முதல் கேள்வி இதுதான். பெரும்பாலும் கிடைக்கும் பதில்: "ஒரு மணி நேரம் முன்னாடி பார்த்தோம் டாக்டர், வாய் கோணியிருந்தது." கேட்டது அதை அல்ல. கோளாறை எப்போது பார்த்தீர்கள் என்பது வேறு, கோளாறு இல்லாமல் அவரைக் கடைசியாக யார், எப்போது பார்த்தார்கள் என்பது வேறு. இரவு 10 மணிக்கு நல்லபடியாகப் பேசிவிட்டுப் படுத்தவர் காலை 6 மணிக்குக் கை விளங்காமல் எழுந்தால், மருத்துவக் கணக்கில் கடிகாரம் ஓடத் தொடங்கியது இரவு 10 மணிக்கு. எட்டு மணி நேரம் போய்விட்டது. நடுவில் 3 மணிக்கு அவர் தானாக எழுந்து கழிவறைக்குப் போய்வந்ததை யாராவது பார்த்திருந்தால், போனது மூன்று மணி நேரம்தான். ரத்தக்குழாயை அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடலாமா கூடாதா என்பதையே அந்த ஒரு தகவல் மாற்றிவிடும். அதைச் சொல்லக்கூடியவர் வீட்டில் தங்கிவிட்டு வேறு யாரோ ஆம்புலன்ஸில் ஏறி வருவது அடிக்கடி நடக்கிறது. பார்த்தவர் வர முடியாவிட்டால் அவருடைய போன் நம்பராவது வரவேண்டும்.

இந்தக் கறாருக்குக் காரணம் மூளையின் பசி. உடல் எடையில் அது 2 சதவீதம்தான். ஆனால் இதயம் வெளித்தள்ளும் ரத்தத்தில் சுமார் 15 சதவீதமும், உடல் செலவழிக்கும் ஆக்சிஜனில் சுமார் 20 சதவீதமும் அதற்கே போகிறது. நிமிடத்துக்கு ஏறத்தாழ 750 மி.லி. ரத்தம். தசைக்கும் கல்லீரலுக்கும் கையிருப்பு உண்டு, மூளைக்குக் கிட்டத்தட்ட இல்லை. அன்றாடங்காய்ச்சி.

100 கிராம் மூளைக்கு நிமிடத்துக்குச் சுமார் 50 மி.லி. ரத்தம் போய்க்கொண்டிருக்க வேண்டும். அது 20-க்குக் கீழே இறங்கினால் செல்கள் வேலையை நிறுத்தும், உடனே சாகாது. 10-க்குக் கீழே போனால் சில நிமிடங்களில் செத்துவிடும். ஒரு குழாய் அடைபட்டதும் நடுவில் ஒரு பகுதி செத்துப்போகிறது. அதைச் சுற்றி இருப்பது, பக்கத்துக் குழாய்களிலிருந்து கொஞ்சம் ரத்தம் கிடைப்பதால் உயிரை மட்டும் பிடித்துக்கொண்டு மயங்கிக் கிடக்கிறது. அந்த மயங்கிய பகுதியும் கையை அசைக்காது, பேசாது. அதனால் வெளியே பார்ப்பவருக்கு எல்லாமே போய்விட்டது போலத் தெரியும். அவசர சிகிச்சை முழுவதும் அந்த மயங்கிய பகுதிக்காகத்தான். பெரிய குழாய் அடைப்பில் நிமிடத்துக்குச் சராசரியாக 19 லட்சம் நியூரான்கள் சாகின்றன என்று 2006-இல் கணக்கிட்டார்கள்.

மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் நான்கு. கழுத்தின் முன்பக்கம் இரண்டு கரோட்டிட், பின்பக்கம் கழுத்தெலும்புகளின் துளைகள் வழியாக ஏறும் வெர்டிப்ரல் இரண்டு. பின்னால் வரும் இரண்டும் சேர்ந்து பேசிலர் என்ற ஒரே குழாயாகும். இவை எல்லாம் மூளையின் அடியில் ஒரு வளையமாகக் கைகோத்துக்கொள்கின்றன. தாமஸ் வில்லிஸ் 1664-இல் விவரித்ததால் அவர் பெயரிலேயே வில்லிஸ் வளையம். ஒரு பக்கம் அடைபட்டால் மறுபக்கத்திலிருந்து ரத்தம் சுற்றிவர வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. ஆனால் பாதிப் பேருக்கு மேல் அந்த வளையத்தில் ஏதோ ஓர் இணைப்பு நூலாக மெலிந்திருக்கும் அல்லது இருக்கவே இருக்காது. ஒரே இடத்தில் ஒரே மாதிரி அடைப்பு வந்த இருவரில் ஒருவர் நடந்து வீட்டுக்குப் போவதற்கும் இன்னொருவர் படுத்த படுக்கையாவதற்கும் இது ஒரு காரணம். "பக்கத்து வீட்டுக்காரருக்கும் இதேதான் வந்தது, அவருக்குச் சரியாகிவிட்டதே" என்ற ஒப்பீட்டுக்கு அதிக அர்த்தம் இல்லை.

வளையத்தைத் தாண்டியதும் பெரிய குழாய்களிலிருந்து மெல்லிய குழாய்கள் நேராக மூளையின் ஆழத்துக்குள் இறங்குகின்றன. இவற்றுக்கு மாற்று வழி கிடையாது. பல வருட உயர் ரத்த அழுத்தத்தை நேராக வாங்குபவையும் இவையே. சுவர் தடித்து உள்வழி சுருங்கினால் அடைபடும், சுவர் இற்றுப்போனால் வெடிக்கும். அதே குழாய், அதே காரணம், நேரெதிரான இரண்டு முடிவுகள். பக்கவாதத்தில் குடும்பங்கள் செய்யும் தவறுகளில் பாதி, இந்த இரண்டையும் வெளியிலிருந்து கண்டுபிடித்துவிடலாம் என்ற நம்பிக்கையில் பிறக்கிறது.

ஊகித்து எதையும் செய்யக் கூடாது என்பது ஏன்

பக்கவாதங்களில் அடைப்பே அதிகம். ஐந்தில் நான்குக்கு மேல் என்று பாடநூல்கள் சொல்லும். ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளில் ரத்தக்கசிவின் பங்கு மற்ற இடங்களைவிடக் கூடுதல். கடுந்தலைவலி, வாந்தி, வேகமாக மயக்கத்துக்குப் போவது ஆகியவை கசிவை நினைக்க வைக்கும். நினைக்க வைக்கும், அவ்வளவே. சின்னக் கசிவு தலைவலியே இல்லாமல் வரும், பெரிய அடைப்பு வாந்தியோடு வரும். சி.டி. ஸ்கேன் எடுக்காமல் பிரிக்க வழியில்லை.

மாரடைப்புக்கு ஆஸ்பிரினைக் கடித்து விழுங்கவேண்டும் என்று படித்தவர்கள் அதே பழக்கத்தில் பக்கவாதத்துக்கும் கொடுத்துவிடுகிறார்கள். கசிவாக இருந்தால் அது எரிகிற கொள்ளியில் எண்ணெய். அடைப்பாகவே இருந்தாலும், விழுங்க முடியாதவருக்கு அந்த மாத்திரையும் தண்ணீரும் மூச்சுக்குழாய்க்குள் போகும். இரண்டாவது தவறு பிரஷர் மாத்திரை. மெஷினில் 200/110 என்று பார்த்ததும் பதறி, வழக்கமான மாத்திரையில் ஒன்றைக் கூடுதலாகக் கொடுப்பது, அல்லது நிஃபெடிபின் காப்ஸ்யூலை நாக்கின் அடியில் பிழிவது. அடைப்பு வந்த மூளையில் அழுத்தம் ஏறுவது பக்கவழிகளில் ரத்தத்தைத் தள்ளிக் கொண்டுபோய் மயங்கிய பகுதியைக் காப்பாற்றுகிறது. அதை ஒரேயடியாக இறக்கினால் அந்தப் பகுதியும் செத்துவிடும். ஊசி போடாத அடைப்பு நோயாளிக்கு 220/120 வரைகூட முதல் நாளில் மருத்துவர்கள் பெரும்பாலும் கைவைப்பதில்லை. கசிவென்றால் கணக்கு தலைகீழ்: மேல் அழுத்தத்தை 140 அளவுக்குச் சீக்கிரம், ஆனால் சீராகக் கொண்டுவரப் பார்ப்பார்கள். எந்தக் கணக்கு என்று தெரியாதவரை அழுத்தத்தைத் தொடாமல் இருப்பதே பாதுகாப்பு.

விரல் நுனியிலும் காது மடலிலும் ஊசியால் குத்தி ரத்தம் வடித்தால் சரியாகும் என்று போனில் சுற்றுகிறதே, அதனால் எந்தப் பயனும் கிடையாது. குத்திக்கொண்டிருக்கும் அரை மணி நேரம்தான் நஷ்டம்.

வீட்டில் பார்ப்பது, செய்வது

முகம், கை, பேச்சு. மூன்றையும் பார்க்க ஒரு நிமிடம் போதும், ஆனால் சரியாகப் பார்க்க வேண்டும். "சிரிங்க" என்றால் பலர் பயத்தில் சிரிக்க மாட்டார்கள், "பல்லைக் காட்டுங்க" என்பது எளிது. ஒரு பக்கம் உதடு விலகாமல் நிற்கும். கையைப் பார்க்கும்போது நம் விரலைப் பிடிக்கச் சொல்வதைவிட, கண்ணை மூடி இரண்டு கைகளையும் உள்ளங்கை மேலே பார்க்க முன்னால் நீட்டி, பத்து எண்ணும்வரை வைத்திருக்கச் சொன்னால் நுட்பமான பலவீனமும் தெரியும்: ஒரு கை மெல்ல உள்பக்கம் திரும்பி இறங்கும். பேச்சுக்கு ஒரு முழு வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லவைக்க வேண்டும். குழறுகிறதா, வார்த்தை மாறி வருகிறதா, சொன்னதே புரியவில்லையா என்று மூன்றையும் கவனிக்கலாம். வெறும் ஆமாம், இல்லை என்ற பதிலில் எதுவும் தெரியாது.

இந்த மூன்றில் எதுவும் இல்லாமலும் பக்கவாதம் வரும். திடீரென்று ஒரு பக்கப் பார்வை மறைவது, இரட்டையாகத் தெரிவது, நிற்கவே முடியாமல் ஒரு பக்கம் சாய்வது ஆகியவை பின்பக்கக் குழாய்களின் அடையாளங்கள். அதிகமாகத் தவறவிடப்படுவது இந்த வகைதான். தலைசுற்றல், வாந்தி என்று வருபவருக்குக் "காதில் கோளாறு" அல்லது "அஜீரணம்" என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்கள். காதுக் கோளாறில் தலை எவ்வளவு சுற்றினாலும் சுவரைப் பிடித்துக்கொண்டாவது பெரும்பாலும் நடக்க முடியும். சிறுமூளையில் அடைப்போ கசிவோ என்றால் பிடிமானம் இல்லாமல் கட்டிலில் உட்காரக்கூட முடியாமல் போகலாம். தலைசுற்றல் என்று வரும் எவரையும் எழுப்பி நடக்கவைத்துப் பார்க்காமல் வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்பது இந்த வேலையில் அடிபட்டுக் கற்ற பாடம். பின்பக்க மூளையில் புதிய அடைப்பைச் சாதாரண சி.டி. பெரும்பாலும் காட்டாது என்பதால், ஸ்கேன் சுத்தமாக இருப்பதை வைத்தும் திருப்திப்பட முடியாது.

முகம் கோணினால் எல்லாமே பக்கவாதம் இல்லை. முகநரம்பு மட்டும் செயலிழந்தால் அந்தப் பக்க நெற்றியும் சுருங்காது, கண்ணும் மூடாது. மூளையில் கோளாறு என்றால் பெரும்பாலும் நெற்றி இரண்டு பக்கமும் சுருங்கும். இது மருத்துவருக்கு உதவும் குறிப்பு. வீட்டில் இதை வைத்து முடிவெடுத்துப் படுக்கப் போய்விடக் கூடாது.

வலப்பக்க மூளை பாதிக்கப்பட்டால் ஒரு விசித்திரம் நடக்கும். நோயாளி "எனக்கு ஒன்றும் இல்லை" என்று உறுதியாகச் சொல்வார். இடது கை துவண்டு தொங்கும், தூக்கச் சொன்னால் தூக்கிவிட்டதாகச் சொல்வார். பிடிவாதமோ பொய்யோ இல்லை, அந்தக் கையைப் பற்றிய உணர்வே மூளையில் அழிந்திருக்கிறது. "அவரே வேண்டாம் என்றார், அதனால் காலைவரை பார்த்தோம்" என்று தாமதமாக வருபவர்களில் இந்த வகை நிறைய. இடதுபக்கம் பலவீனமாக இருக்கும்போது நோயாளியின் சொல்லைக் கேட்டு முடிவெடுக்கக் கூடாது.

ஆம்புலன்ஸை அழைத்த கையோடு சர்க்கரை பார்க்கும் மெஷின் இருந்தால் ஒரு சொட்டு எடுத்துப் பார்த்துவிடலாம். சர்க்கரை 50-க்குக் கீழே இறங்கினால் அப்படியே பக்கவாதம் போலவே கை கால் விழும், பேச்சு குழறும், குளுக்கோஸ் ஏற்றியதும் எழுந்து உட்காருவார். அளவு குறைவாக இருந்தாலும் அரைமயக்கத்தில் இருப்பவர் வாயில் இனிப்பை ஊற்றக் கூடாது. மயக்கமாக இருந்தால் ஒருக்களித்துப் படுக்கவைக்கலாம். தண்ணீர்கூட வேண்டாம். பிறகு மாத்திரை டப்பாக்கள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொள்ள வேண்டும். சீட்டு பழையதாக இருக்கலாம், டப்பாதான் உண்மை பேசும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின், டாபிகாட்ரான், ரிவராக்சபான், அபிக்சபான் போன்றவற்றில் ஏதாவது எடுக்கிறாரா, கடைசி வேளை எப்போது என்பது பெரிய விஷயம். நோயாளியின் எடையும் தெரிந்திருந்தால் நல்லது, ஏன் என்று கீழே வருகிறது.

எந்த ஆஸ்பத்திரி என்பதில் அருகில் இருப்பது என்ற ஒரே அளவுகோல் போதாது. இரவும் பகலும் சி.டி. எடுக்கும் வசதியும், கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போடும் ஏற்பாடும் இருக்க வேண்டும். வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் முதலில் காட்டிவிட்டு அவர் சொன்னபிறகு பெரிய இடத்துக்குப் போவதில் ஒரு மணி நேரம் கரையும். வழியிலேயே போன் செய்து சொல்லிவிட்டால் ஸ்கேன் அறை காத்திருக்கும்.

ஸ்கேன் நார்மல் என்றால்

சி.டி. எடுக்கச் சில நிமிடங்கள் போதும். ரத்தம் அதில் உடனே வெள்ளையாகத் தெரியும். அடைப்பு அப்படி இல்லை, முதல் சில மணி நேரம் படம் கிட்டத்தட்ட சுத்தமாகவே இருக்கலாம். "ஸ்கேன்ல ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க, அப்புறம் எதுக்கு இவ்வளவு பெரிய ஊசி?" என்று கேட்பவர்களிடம் சொல்லவேண்டியது: ரத்தக்கசிவு இல்லை என்று தெரிந்ததால்தான் அந்த ஊசியைப் போடவே முடிகிறது. அடைப்பை ஆரம்பத்திலேயே பார்க்க வேண்டுமென்றால் எம்.ஆர்.ஐ. வேண்டும். ஆனால் கையிலுள்ள அடையாளங்கள் தெளிவாக இருக்கும்போது அதற்காகக் காத்திருக்க மாட்டார்கள்.

கட்டி என்ற சொல்லாலும் குழப்பம் வருகிறது. "மூளையில் ரத்தக்கட்டி" என்று ஒருவர் சொன்னால் அது குழாய்க்குள் உறைந்து அடைத்த ரத்தமா, குழாய் வெடித்து வெளியே தேங்கிய ரத்தமா என்று புரியாது. கேட்பவர் சிலர் புற்றுநோய்க் கட்டி என்றே நினைத்துவிடுகிறார்கள். அடைப்பா, கசிவா என்று ஒரே சொல்லில் கேட்டு உறுதிசெய்துகொள்வது நல்லது.

அடைப்பைக் கரைக்கும் ஊசிகளில் ஆல்டிப்ளேஸ் பழையது. 1995-இல் வந்த அமெரிக்க ஆய்வு 3 மணி நேரத்துக்குள் அது பலன் தருவதைக் காட்டியது, 2008-இல் வந்த ஐரோப்பிய ஆய்வு எல்லையை நாலரை மணி நேரமாக்கியது. அளவு எடையை வைத்து: கிலோவுக்கு 0.9 மி.கி., மொத்தம் 90-ஐத் தாண்டக் கூடாது. பத்தில் ஒரு பங்கை ஒரு நிமிடத்தில், மீதியை ஒரு மணி நேரத்தில் ஏற்ற வேண்டும். 60 கிலோ என்றால் 54 மி.கி., அதில் 5.4 உடனே, 48.6 ஒரு மணி நேரத்தில். எடையைக் கண்ணளவில் மதிப்பிட்டால் எங்கே தவறும் என்று இதிலேயே தெரியும். புதிதாக வந்திருக்கும் டெனெக்டிப்ளேஸ் கிலோவுக்கு 0.25 மி.கி., அதிகபட்சம் 25, ஒரே தவணையில் முடிந்துவிடும். அதனால் ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவதற்கு வசதி. எதுவானாலும் போடுமுன் அழுத்தம் 185/110-க்குக் கீழே வரவேண்டும், போட்டபின் 24 மணி நேரம் 180/105-க்குக் கீழே நிற்க வேண்டும். அந்த 24 மணி நேரமும் ஆஸ்பிரின் கிடையாது.

ஊசிக்கு ஆபத்தும் உண்டு. 1995 ஆய்வில் ஊசி போட்டவர்களில் 100-க்கு 6 பேருக்கு மூளையில் நிலையை மோசமாக்கும் ரத்தக்கசிவு வந்தது. இதைக் கேட்டதும் குடும்பம் வெளியே போய், வெளியூரில் இருப்பவரைப் போனில் பிடித்து, இருபது முப்பது நிமிடம் பேசும். பேசுவது நியாயம்தான். ஆனால் ஊசியின் பலன் ஒவ்வொரு நிமிடமும் தேய்கிறது, ஆபத்து குறைவதில்லை. கேட்கவேண்டிய கேள்விகள் இரண்டு: "இவருக்குக் கசிவு வரும் வாய்ப்பைக் கூட்டும் விஷயம் ஏதாவது இருக்கிறதா? போடாவிட்டால் எந்த அளவு ஊனம் மிஞ்சும் என்று நினைக்கிறீர்கள்?" இரண்டுக்கும் பதில் கிடைத்தால் ஐந்து நிமிடத்தில் முடிவெடுத்துவிடலாம்.

பெரிய குழாயில் நீளமான கட்டி என்றால் ஊசி மட்டும் பல நேரம் போதாது. தொடை இடுக்கிலோ மணிக்கட்டிலோ நுழைத்த மெல்லிய குழாயை மூளைவரை கொண்டுபோய், வலைபோன்ற ஸ்டென்டாலோ உறிஞ்சியோ கட்டியை இழுத்தெடுப்பார்கள். இதன் பலன் 2015-இல் அடுத்தடுத்து வந்த ஐந்து ஆய்வுகளில் உறுதியானது. முதலில் 6 மணி நேரம் என்றிருந்தது, மயங்கிய பகுதி இன்னும் மிச்சமிருப்பது ஸ்கேனில் தெரிந்தால் 24 மணி நேரம்வரை எடுக்கலாம் என்று 2018-இல் தெரியவந்தது. ஆகவே தூக்கத்திலிருந்து எழும்போதே பக்கவாதத்தோடு எழுந்தவருக்கு "நேரம் போய்விட்டது" என்று வீட்டிலேயே தீர்ப்பு எழுதிவிட வேண்டாம்.

அடைப்பு பெரிதாக இருந்து திறக்க முடியாமல் போனால், இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள்வரை வீக்கம் உச்சத்துக்குப் போகும். முதல் நாள் கண்விழித்துப் பேசியவர் மூன்றாம் நாள் மயங்கினால் அது புது ஸ்ட்ரோக்காகத்தான் இருக்கவேண்டும் என்றில்லை, அழுகையும் குழப்பமுமாக வார்டில் நிற்கும் குடும்பத்துக்கு இதை முன்கூட்டியே யாராவது சொல்லியிருக்க வேண்டும். அறுபது வயதுக்குள் இருப்பவர்களுக்கு, 48 மணி நேரத்துக்குள் மண்டையோட்டின் ஒரு பகுதியை எடுத்து வீக்கத்துக்கு இடம் கொடுக்கும் அறுவை உயிரைக் காப்பாற்றும். போன கையை அது திருப்பித் தராது.

கசிவில் முதல் சில மணி நேரம் ரத்தம் இன்னும் பெருகக்கூடும். அழுத்தத்தைக் கட்டுப்படுத்துவதும், ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையின் வேலையை முறிப்பதும் (வார்ஃபரினுக்கு வைட்டமின் கே-யும் உறைதல் காரணிகளும்) அந்த நேரத்துக்குள் நடக்க வேண்டும். தேங்கிய ரத்தத்தின் அளவைப் படத்தைப் பார்த்தே கணக்கிடலாம்: நீளம், அதற்குக் குறுக்கே அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி இரண்டால் வகுத்தால் மி.லி. 4, 3, 3 என்றால் 18. 30 மி.லி.-ஐத் தாண்டினால் நிலைமை கடினம். "ரத்தம் தேங்கியிருக்கிறதே, ஏன் ஆபரேஷன் செய்யவில்லை?" என்ற கோபம் எல்லா வார்டுகளிலும் உண்டு. ஆழத்தில் இருக்கும் கசிவை எட்ட, நல்ல மூளையைக் கிழித்துக்கொண்டுதான் போகவேண்டும். பெரும்பாலானவர்களுக்கு அதனால் லாபம் இல்லை. சிறுமூளைக் கசிவு விதிவிலக்கு. அங்கே 3 செ.மீ.-க்கு மேல் போய், நிலையும் மோசமாகிக்கொண்டிருந்தால் அறுவையைத் தள்ளிப்போட மாட்டார்கள்.

குழாயில் பலூன்போலப் புடைத்த இடம் வெடித்து மூளையைச் சுற்றி ரத்தம் பரவுவது தனி வகை. அதன் தலைவலியை நோயாளிகள் விவரிக்கும் விதமே வேறு: மெதுவாக ஏறாது, நொடிகளில் உச்சிக்குப் போய்விடும். வாழ்நாளில் இப்படி வந்ததில்லை என்பார்கள். கை கால் விழாமல் இருப்பதால் ஒற்றைத் தலைவலி என்று மாத்திரை போட்டுப் படுத்துவிடுவதும் உண்டு. ஆறு மணி நேரத்துக்குள் எடுத்த நல்ல சி.டி. கிட்டத்தட்ட எல்லாக் கசிவையும் காட்டிவிடும், தாமதமானால் முதுகுத்தண்டு நீரையும் பார்க்க நேரும். புடைப்பைக் கிளிப் வைத்தோ கம்பிச்சுருள் நிரப்பியோ அடைத்துவிட்டாலும் கண்டம் தீராது. நான்காம் நாளிலிருந்து பதினான்காம் நாள்வரை குழாய்கள் சுருங்கி, அடைப்பு மாதிரியே பாதிக்கலாம். நைமோடிபின் 60 மி.கி. நான்கு மணிக்கொரு முறை, 21 நாள் கொடுப்பது இதற்காகத்தான். நள்ளிரவு வேளையைத் தூக்கம் கெடுமே என்று விட்டுவிடக் கூடாது.

வயதானவர் சில வாரங்களுக்கு முன் லேசாக இடறி விழுந்து, இப்போது மந்தமாகி, நடை தள்ளாடினால் மூளை உறைக்கும் மூளைக்கும் நடுவே மெல்லச் சேர்ந்த ரத்தத்தை நினைக்க வேண்டும். சிறு துளைவழியே வடித்துவிடக்கூடியதை வயோதிகம் என்று விட்டுவிடுவது வருத்தம். பிரசவத்துக்குப் பின்னோ கருத்தடை மாத்திரை எடுக்கும்போதோ நாள் கணக்கில் ஏறும் தலைவலியும் வலிப்பும் வந்தால், ரத்தத்தை வெளியே கொண்டுபோகும் சிரைகளில் அடைப்பு இருக்கலாம். அதில் சின்னக் கசிவு தெரிந்தாலும் உறையாமல் இருக்கும் மருந்தே சிகிச்சை என்பது கேட்பவருக்கு முரணாகத் தோன்றும்.

பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டது

மினி ஸ்ட்ரோக் என்று சொல்லி மினியாகவே நடத்திவிடுகிறார்கள். கை மரத்துப் பேச்சு குழறி, கால் மணி நேரத்தில் எல்லாம் திரும்பிவிட்டால் கட்டி தானாகக் கரைந்தது என்றுதான் பொருள், அதை அனுப்பிய இடம் அப்படியே இருக்கிறது. அடுத்த பெரிய ஸ்ட்ரோக்கின் ஆபத்து அதிகம் முதல் இரண்டு நாளில்தான். அடுத்த வாரம் நேரம் வாங்கிப் போய்க் காட்டும் விஷயம் இல்லை, அன்றே போக வேண்டும். கழுத்துக் குழாயை ஸ்கேன் செய்து பார்ப்பார்கள். பாதிக்கப்பட்ட மூளைப் பக்கத்துக் குழாய் 70 சதவீதத்துக்கு மேல் சுருங்கியிருந்தால் இரண்டு வாரத்துக்குள் சுத்தம் செய்யும் அறுவைக்கு நல்ல பலன் உண்டு, மாதங்கள் கழித்துச் செய்தால் அந்தப் பலன் தேய்ந்துவிடும்.

கசிவு இல்லையென்று உறுதியானபின் பலருக்கு ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் சேர்த்து 21 நாள் கொடுத்து, பிறகு ஒன்றை மட்டும் தொடரச் சொல்வார்கள். இங்கே இரண்டு விதமாகச் சறுக்குகிறார்கள். ஒருவர் 21 நாள் முடிந்ததும் இரண்டையும் நிறுத்திவிடுகிறார். இன்னொருவர் பழைய சீட்டைக் காட்டி இரண்டையும் வருடக்கணக்கில் வாங்கிக்கொண்டே இருந்து, வயிற்றில் ரத்தக்கசிவோடு வருகிறார். சீட்டில் எந்த மாத்திரை எந்தத் தேதியில் நிற்க வேண்டும் என்று பெரிதாக எழுதி வாங்கிக்கொள்ளலாம்.

இதயத் துடிப்பு தாளம் தப்பி ஓடும் ஏட்ரியல் ஃபிப்ரில்லேஷன் இருந்தால் பக்கவாத ஆபத்து ஐந்து மடங்கு. அது விட்டுவிட்டு வரும் என்பதால் ஒரு தடவை எடுத்த ஈ.சி.ஜி. சரியாக இருப்பது எதையும் நிரூபிக்காது, ஒரு நாளோ அதற்கு மேலோ தொடர்ந்து பதிவுசெய்ய வேண்டியிருக்கும். இதற்கு ஆஸ்பிரின் ஈடாகாது, உறைவைத் தடுக்கும் மாத்திரையே தேவை.

வார்டிலும் வீட்டிலும்

பக்கவாதத்திலிருந்து தப்பியவரை நிமோனியா கொண்டுபோவது பார்க்கச் சகிக்காதது, காரணம் பெரும்பாலும் பாசத்தோடு ஊட்டிய முதல் வாய். விழுங்கும் சோதனை முடியும்வரை எதுவும் கூடாது. தண்ணீர்தான் பாதுகாப்பு என்று நினைப்பார்கள், ஆனால் விழுங்கும் தசை தளர்ந்தவருக்கு நீர்மமே வேகமாக ஓடி மூச்சுக்குழாயில் இறங்கும், கெட்டியான உணவு அதைவிடச் சமாளிக்கக்கூடியது. இருமல் வரவில்லை என்பதும் சான்று இல்லை, சிலருக்குச் சத்தமே இல்லாமல் உள்ளே போகும். விழுங்கியபின் குரல் ஈரமாகக் கரகரத்தால் சந்தேகிக்கலாம். நிமிர்ந்து உட்காரவைத்து ஊட்ட வேண்டும், முடிந்தபின் அரை மணி நேரம் அப்படியே இருக்கட்டும். பலவீனமான பக்கக் கன்னத்தில் உணவு ஒதுங்கி நிற்கும், விரலில் துணி சுற்றித் துடைத்தெடுப்பது சின்ன வேலை, பலன் பெரிது.

தோள்பட்டையைப் பற்றி யாரும் சொல்வதில்லை. தோள்மூட்டைப் பிடித்து நிறுத்துவது தசைகளே. அவை தளர்ந்ததும் கையின் எடையே மூட்டைக் கீழே இழுக்கும். அந்தக் கையைப் பிடித்துத் தூக்கி உட்காரவைப்பது, அக்குளில் கைகொடுத்து இழுப்பது, தலைக்குமேல் கப்பி கட்டி இழுத்துப் பயிற்சி செய்வது மூன்றும் தோளைக் கெடுத்து மாதக்கணக்கில் வலி தரும். தூக்கும்போது இடுப்பையும் முதுகையும் பிடிக்க வேண்டும், உட்காரும்போது கைக்கடியில் தலையணை இருக்க வேண்டும்.

முதல் 24 மணி நேரத்துக்குள் அடிக்கடி எழுப்பி நடக்கவைத்தால் நல்லது என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். 2015-இல் வந்த பெரிய ஆய்வில் அப்படித் தீவிரமாகச் செய்தவர்களின் நிலை சற்று மோசமாகவே முடிந்தது. முதல் நாள் இரண்டு மணி நேரத்துக்கொருமுறை புரட்டிப் படுக்கவைப்பது போதும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக, பல தடவை. முன்னேற்றம் முதல் மூன்று மாதங்களில் வேகம், அதன்பின் மெதுவாகத் தொடரும். ஆறு மாதத்தோடு கதவு மூடிவிடும் என்பது உண்மையில்லை.

பேச்சு போனவரைப் புத்தி போனவராக நடத்துவது மிகக் கொடுமை. பேச்சை உருவாக்கும் பகுதியை 1861-இல் புரோக்காவும், புரிந்துகொள்ளும் பகுதியை 1874-இல் வெர்னிக்கேயும் தனித்தனியாக அடையாளம் காட்டினார்கள். முதல் வகையில் எல்லாம் புரியும், சொல் வராது. இரண்டாவதில் சரளமாகப் பேச்சு வரும், அர்த்தம் இருக்காது. சத்தம் போட்டுப் பேசுவதால் இரண்டுக்கும் பயனில்லை. ஒரு நேரத்தில் ஒரே கேள்வி, ஆமாம் இல்லை என்று பதில் வரும்படி, பிறகு பத்து நொடி பொறுமை. "ஆமாம்" என்று வாய் சொல்லித் தலை இல்லை என்று ஆடினால் தலையை நம்பலாமா வாயை நம்பலாமா என்று படத்தைக் காட்டி இன்னொரு தடவை கேட்க வேண்டும். ஒரு சொல் பேச முடியாதவர் ஒன்றிலிருந்து பத்துவரை தங்குதடையின்றி எண்ணுவார், பாட்டின் வரியைப் பாடுவார், கோபத்தில் கெட்ட வார்த்தை தெளிவாக வரும். "நடிக்கிறார்" என்று வீட்டில் சந்தேகிப்பது இதைப் பார்த்துத்தான். பழக்கத்தால் வரும் பேச்சுக்கு மூளையில் வழி வேறு, அதனால் தப்பியிருக்கிறது.

பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. பயிற்சிக்கு வரமாட்டேன் என்பதைச் சோம்பல் என்று படிக்காமல் மருத்துவரிடம் சொன்னால் மருந்து இருக்கிறது.

வீட்டுக்கு வந்தபின் பிரஷர் பார்ப்பதில் நடக்கும் பிழைகளால் மருந்தின் அளவே தவறாகிறது. ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கால் தரையில் ஊன்றி, கை இதய மட்டத்தில் இருக்க, பேசாமல், பட்டையைச் சட்டைக்குமேல் சுற்றாமல் பார்க்க வேண்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு அளவு. பருத்த கைக்குச் சின்னப் பட்டை போட்டால் எண் பொய்யாக ஏறிக் காட்டும். பெரும்பாலானவர்களுக்கு இலக்கு 130/80-க்குக் கீழே.

பல் பிடுங்கவோ கண்புரைக்கோ போகும்போது "ரத்தம் நிற்காது, எல்லா மாத்திரையையும் ஒரு வாரம் நிறுத்துங்க" என்று யாராவது சொல்வார்கள். ஒரு பல்லுக்காக ஆஸ்பிரினை நிறுத்தத் தேவை பொதுவாக இல்லை. பஞ்சை வைத்து அழுத்திக் கடித்திருந்தால் அங்கே ரத்தம் நிற்கும். நிறுத்தியே ஆகவேண்டிய அறுவை என்றால், எந்தத் தேதியில் நிறுத்துவது, எந்தத் தேதியில் மறுபடி தொடங்குவது என்று மாத்திரையை எழுதிய மருத்துவரிடமே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளவும். பெரும்பாலும் விட்டுப்போவது அந்த இரண்டாவது தேதி.